ஆன்லைன் ஏலத்தில் ஏற்றிவிடும் ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி

நான் பழைய மை பேனா சேர்ப்பவன். பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பெரும்பாலும் ஆன்லைன் ஏலத்தில்தான் வாங்குகிறேன். ஒரே மாதிரி இரண்டு சேர்ந்துவிட்டால் ஒன்றை அங்கேயே விற்றும் விடுகிறேன். ஆரம்பத்திலேயே ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏற்றிவிடும் வேலையை, அதாவது வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றுவதற்காகவே ஏலம் கேட்க வைப்பதை, நானே ஒரு தடவை செய்திருக்கிறேன்.

ஒரு பேனாவை அடிமட்ட விலைக்கு ஏலத்தில் போட்டேன். மூன்று நாள் யாரும் சீண்டவில்லை. பயம் வந்துவிட்டது. மச்சானைக் கூப்பிட்டு, "உன் ஐடியில இருந்து சும்மா ரெண்டு தடவை கேளு, யாராவது வருவாங்க" என்றேன். சொன்னபடியே ஒருவர் வந்தார். ஆனால் மச்சானுக்கு உற்சாகம் தாங்கவில்லை, மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டார். வந்தவர் போய்விட்டார். கடைசியில் என் பேனாவை என் மச்சானே ஏலத்தில் எடுத்தார். தளத்துக்குக் கமிஷன் கட்டியது நான். பேனாவை அவர் இன்னும் திருப்பித் தரவில்லை, அது வேறு கதை.

அன்று இரவுதான் அந்தத் தளத்தின் விதிகளை முதல் தடவையாக உட்கார்ந்து படித்தேன். விற்பவருடைய குடும்பத்தார், நண்பர், ஒரே வீட்டில் இருப்பவர், அவரிடம் வேலை பார்ப்பவர் யாரும் அவர் பொருளை ஏலம் கேட்கக் கூடாது. உண்மையிலேயே வாங்க ஆசைப்பட்டாலும் கூடாது. இபேயிலும் இதே கதைதான். உள்விவரம் தெரிந்தவர் வேண்டுமானால் 'உடனே வாங்கு' விலையில் எடுத்துக்கொள்ளலாம், ஏலத்தில் கை வைக்கக் கூடாது. ஷில் பிட்டிங் என்று இதற்குப் பெயர்.

பாம்பின் கால் பாம்பறியும். அதற்கப்புறம் மற்றவர்கள் செய்வதும் என் கண்ணில் பட ஆரம்பித்தது.

முதலில் தளம் எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள்

இதைப் புரிந்துகொள்ளாமல் ஏற்றிவிடுகிறவனைப் பிடிக்க முடியாது. தொகைகளை வெறும் எண்ணாகவே எழுதுகிறேன், எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான்.

ஒரு பேனாவுக்கு ஏற்கெனவே ஒருவர் 1,200 வரை போகத் தயாராக இருக்கிறார். நீங்கள் உங்கள் உச்சத் தொகையாக 3,000 போடுகிறீர்கள். தளம் 3,000 கேட்டுவிடாது. அவருடைய 1,200க்கு மேல் ஒரு படி, படி 50 என்றால் 1,250 என்று உங்கள் பெயரில் கேட்டுவிட்டு, மீதியை வெளியே காட்டாமல் வைத்துக்கொள்ளும். வேறு யாராவது ஏற ஏற, உங்களுக்காகத் தானே ஏறும். படி எவ்வளவு என்பது விலையைப் பொறுத்தது. இபேயின் அமெரிக்கத் தளத்தில் 25 டாலரிலிருந்து 99.99 டாலர் வரை படி 1 டாலர், 100 ஆனதும் 2.50 டாலர்.

ஆகவே நீங்கள் கட்டும் விலையை உங்கள் தொகை முடிவு செய்வதில்லை. உங்களுக்கு அடுத்தபடியாகக் கேட்டவர்தான் முடிவு செய்கிறார். ஏற்றிவிடுகிறவனுக்கு வேண்டியது அந்த இரண்டாம் இடம்தான். முதல் இடம் கிடைத்துவிட்டால் அவனுக்கு நஷ்டம், என் மச்சானைப் போல.

அவன் பாடு முழுவதும் ஒரே ஒரு எண்ணைத் தேடுவதில் இருக்கிறது: நீங்கள் ஒளித்து வைத்திருக்கும் அந்த 3,000. தேடுவதற்கு இரண்டு வழி உண்டு.

முதல் வழி, மாடிப்படி மாதிரி ஏறிப் பார்ப்பது. 1,500, 1,800, 2,100, 2,500, 2,800 என்று ஒரே ஐடி நிமிஷத்துக்கு ஒன்றாகக் கேட்டுக்கொண்டே வரும். 2,800க்கு உங்கள் பெயரில் 2,850 என்று தெரியும். அடுத்து அது 2,960 கேட்கிறது. முழுப் படி ஏறியிருந்தால் 3,010 என்று தெரிய வேண்டும். 3,000 என்று தெரிகிறது. படி குறைந்துவிட்டது என்றால் நீங்கள் கூரையைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அவன் அதோடு நிறுத்திக்கொள்வான்.

இரண்டாவது வழியை என் சொந்தச் செலவில் கற்றேன். பழைய பார்க்கர் 51 ஒன்று, மூடியில் ஒரு கீறல். 1941இல் வந்த மாடல், நிப்பின் முனை மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த நிறம். ஏலம் முடிய மூன்று நாள் இருக்கும்போதே அவசரப்பட்டு 3,000 போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். அப்போது விலை 1,250. காலையில் எழுந்து பார்த்தால் 2,950, இன்னும் நான்தான் முன்னணியில்.

பிட் வரலாற்றை, அதாவது எந்த ஐடி எப்போது எவ்வளவு கேட்டது என்ற பட்டியலை, திறந்தேன். 6:02க்கு ஒரு ஐடி 10,000 கேட்டிருக்கிறது. அந்த நிமிஷத்தில் விலை 3,050 ஆகியிருக்கும், அதாவது என் உச்சத்துக்கு மேல் ஒரு படி. என் 3,000 அங்கேயே வெட்டவெளிச்சமாகிவிட்டது. 6:05க்கு அதே ஐடி பிட்டைத் திரும்பப் பெற்றிருக்கிறது. காரணம்: தொகையைத் தவறாக அடித்துவிட்டேன். விலை பழையபடி 1,250க்கு இறங்கியிருக்கும். 6:20க்கு வேறொரு ஐடி, அதுவரை அந்தப் பக்கமே வராத ஐடி, சரியாக 2,900 கேட்டிருக்கிறது.

தவறாக அடித்தவர் சரியான தொகையை உடனே மறுபடி போட வேண்டும், இபே போன்ற தளங்களின் விதியே அதுதான். இங்கே அந்தச் சரியான தொகை எங்கே? 10,000இல் ஒரு சுழி கூடிப்போய்விட்டது என்றால் அவர் நினைத்தது 1,000. ஆனால் விலை ஏற்கெனவே 1,250ஐத் தொட்டிருந்ததால் 1,000 கேட்கத் தளமே விட்டிருக்காது.

விற்பவருக்கு மரியாதையாக ஒரு வரி எழுதினேன்: "பிட் வரலாற்றில் 6:02, 6:05, 6:20 மூன்றையும் பார்த்தேன். என் பிட்டை நீக்கிவிடுங்கள்." பத்து நிமிஷத்தில் நீக்கிவிட்டார், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தளத்துக்கும் ஸ்க்ரீன்ஷாட்டோடு புகார் அனுப்பினேன். பார்த்துக்கொள்கிறோம், எடுத்த நடவடிக்கையைச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது.

பிட் வரலாற்றை வாசிப்பது

பிட் எண்ணிக்கைமேல் ஒரு சொடுக்கு போட்டால் வரலாறு திறக்கும். இபேயில் ஐடியின் நடுவே நட்சத்திரக் குறி போட்டு மறைத்திருப்பார்கள். ஆனால் அதைச் சொடுக்கினால் அந்த ஆளின் 30 நாள் சுருக்கம் வரும்: எத்தனை பொருளுக்கு எத்தனை பிட், அதில் எத்தனை சதவீதம் இதே விற்பனையாளரிடம், எத்தனை தடவை பிட்டைத் திரும்பப் பெற்றார். நான் முதலில் பார்ப்பது திரும்பப் பெற்ற எண்ணிக்கை. அது ஒன்று என்றால் மனிதத் தவறு. ஆறு, ஏழு என்றால் அது தொழில்.

அந்தச் சதவீதத்தை மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக எடுத்துக்கொள்ளுங்கள். 90 சதவீதம் ஒரே ஆளிடம் என்று பார்த்ததும் கொதித்துப் போகாதீர்கள். ஒரு சமயம் என் சுருக்கத்தையே எடுத்துப் பார்த்தேன், எழுபதுக்கு மேல் ஒரே விற்பனையாளர். நான் தேடும் மாதிரிப் பேனாவை அந்த மாதம் அவர் ஒருவர்தான் விற்றுக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான்தான் அவருடைய கையாள். அதே மாதிரி, மதிப்பீட்டு எண் (இதுவரை மற்றவர்கள் தந்த மதிப்பீடுகளின் கணக்கு) சுழியாக இருப்பவரெல்லாம் போலி இல்லை. நாம் எல்லோரும் ஒருநாள் சுழியில் இருந்தவர்கள்தான்.

படிப்படியாக ஏறுவதும் தனியாக ஒரு சாட்சி ஆகாது. புதிதாக வந்தவர்களுக்கு உச்சத் தொகை போடும் வழக்கம் தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் பார்ப்பார்கள். வித்தியாசம் முடிவில்தான் தெரியும். ஆசைப்பட்டு ஏறியவர் உங்களைத் தாண்டும்வரை போவார், இல்லையென்றால் கடைசி ஐந்து நிமிஷத்தில் மறுபடி வந்து நிற்பார். ஏற்றிவிட வந்தவர் உங்களுக்கு ஒரு படி கீழே நின்றுவிட்டுக் காணாமல் போவார். அப்புறம் அந்த விற்பனையாளர் முடித்த மற்ற ஏலங்களைத் திறந்து பாருங்கள். அதே மதிப்பீட்டு எண், அதே முதல் எழுத்து கொண்ட ஐடி நாலைந்து ஏலத்தில் இரண்டாவதாக வந்து ஒன்றில்கூட எடுக்காமல் இருந்தால், எனக்கு அது போதும். விலகிவிடுவேன்.

விற்றுப்போன பொருள் இரண்டு வாரத்தில் அதே புகைப்படங்களோடு மறுபடி ஏலத்துக்கு வந்தாலும் கவனியுங்கள். கையாள் தப்பித்தவறி ஜெயித்துவிட்டான் என்று இருக்கலாம். பணம் கட்டாமல் ஓடிய வாங்குபவராகவும் இருக்கலாம், அதுவும் தினசரி நடப்பதுதான்.

வாங்குபவர் பக்கத்திலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. கூட்டாளிகள் இருவரில் ஒருவர் குறைந்த தொகை கேட்பார், மற்றவர் யாரும் நெருங்க முடியாத உயரத்தில் ஒரு தொகை போட்டு மற்றவர்களை விரட்டுவார். முடியப்போகும் நேரத்தில் உயரமானவர் பின்வாங்க, பொருள் குறைந்த தொகைக்குப் போய்விடும். கடைசி நேரத்தில் பிட்டைத் திரும்பப் பெறுவதற்கு இவ்வளவு கட்டுப்பாடு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நீங்கள் விற்பவராக இருந்தால், சம்பந்தமில்லாத உயரத்தில் ஒரு பிட் வந்து இறங்கியதும் அந்த ஆளுக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேளுங்கள்.

கேட்டால் கேட்டதுதான்

நேரில் நடக்கும் ஏலத்தில் "மூணு தரம்" என்று சுத்தியல் விழும்வரை வாங்குபவர் பின்வாங்கலாம். இந்தியாவின் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் 64ஆம் பிரிவிலும், பிரிட்டனின் 1979ஆம் ஆண்டுச் சட்டம் 57ஆம் பிரிவிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆன்லைனில் அந்தச் சலுகையை நம்பி இறங்காதீர்கள். கணக்கு தொடங்கும்போது படிக்காமல் 'சம்மதம்' அழுத்தினோமே, அதில் பெரும்பாலும் நாம் அதை விட்டுக்கொடுத்திருப்போம்.

இபேயில் பிட்டைத் திரும்பப் பெற மூன்றே காரணங்களைத்தான் ஏற்கிறார்கள்: தொகையைத் தவறாக அடித்தது, பிட் போட்டபின் பொருளின் விவரம் பெரிதாக மாறியது, விற்பவரைத் தொடர்புகொள்ளவே முடியாதது. மனம் மாறிவிட்டது, வேறு இடத்தில் மலிவாகப் பார்த்தேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. ஏலம் முடிய 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் திரும்பப் பெறலாம், அந்தப் பொருளுக்கு நீங்கள் போட்ட எல்லா பிட்டும் போய்விடும். 12 மணி நேரத்துக்குள் போட்டதை ஒரு மணி நேரத்துக்குள் திரும்பப் பெற வேண்டும், அதுவும் கடைசியாகப் போட்டது மட்டும்தான் போகும். நேரம் தாண்டிவிட்டால் விற்பவரிடம் கேட்டுப் பார்ப்பதுதான் வழி. நீக்குவதும் நீக்காததும் அவர் விருப்பம். வீடு, நிலம் மட்டும் விதிவிலக்கு. அமெரிக்க இபேயில் அதற்குப் போடும் பிட் யாரையும் கட்டுப்படுத்தாது, விருப்பம் தெரிவிப்பது மட்டுமே.

கட்டுப்பாடு வாங்குபவருக்கு மட்டும் என்று விற்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். 2006இல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் விர்ராவே என்ற இரண்டாம் உலகப்போர்க் கால விமானத்தை இபேயில் ஏலம் விட்டார். ஒருவர் 150,000 ஆஸ்திரேலிய டாலருக்குக் கேட்டார், ஏலம் முடிந்தது. வெளியே அதைவிடப் பெரிய தொகைக்கு ஆள் இருந்ததால் விற்பவர் கைவிரித்தார். 2007இல் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் உண்டாகிவிட்டது, விமானத்தைக் கொடு என்றது. ஜெர்மனியில் 2014இல் வந்த தீர்ப்பு இன்னும் கடுமை. ஒரு பழைய காரை 1 யூரோவில் ஆரம்பித்துவிட்டு, வெளியே ஆள் கிடைத்ததும் ஏலத்தை நடுவில் நிறுத்தினார் விற்பவர். அந்த நேரத்தில் ஒரே ஒருவர்தான் கேட்டிருந்தார், 1 யூரோவுக்கு. ஒப்பந்தம் செல்லும் என்று சொல்லி, 5,000 யூரோவுக்கு மேல் நஷ்டஈடு கொடுக்க வைத்தார்கள்.

எனக்குப் பிடித்த வழக்கு 2016இல் அதே நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. 1 யூரோவில் ஆரம்பித்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கார். விற்பவர் இன்னொரு கணக்கிலிருந்து தானே மாற்றி மாற்றிக் கேட்டு விலையை 17,000 யூரோ வரை ஏற்றினார், கடைசியில் தானே ஜெயித்தார். எதிரில் நின்று கேட்டவர் விடவில்லை, வழக்குப் போட்டார். தன்னோடு தானே ஒப்பந்தம் போட முடியாது, ஆகவே விற்பவர் கேட்டதெல்லாம் பிட்டே இல்லை என்றது நீதிமன்றம். அவற்றை எல்லாம் அழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருந்தது 1.50 யூரோ. அந்த விலைக்கு விற்றதாகத்தான் கணக்கு. நஷ்டஈடு 16,500 யூரோ.

மேலே சொன்ன இந்தியச் சட்டத்தின் அதே 64ஆம் பிரிவில், விற்பவர் போலியாகக் கேட்க வைத்து விலையை ஏற்றினால் வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்துகொள்ளலாம் என்றும் இருக்கிறது. பிரிட்டனில் 2010இல் இரண்டு ஐடி வைத்துக்கொண்டு தன் மினிபஸ்ஸுக்குத் தானே ஏலம் கேட்டவருக்கு 5,000 பவுண்டு அபராதம் விழுந்தது.

ஒரு சின்ன வேடிக்கை. பெரிய ஏலக்கூடங்களில், குறைந்தபட்ச விலை எட்டும்வரை ஏலக்காரரே இல்லாத ஆளிடமிருந்து கேட்டதுபோல் விலையை ஏற்றுவது பழைய வழக்கம். கூரையில் தொங்கும் சரவிளக்கைப் பார்த்துச் சொல்வதால் அதற்குச் சரவிளக்கு பிட் என்றே பெயர். குறைந்தபட்ச விலை ஒன்று உண்டு என்று முன்கூட்டியே அறிவித்திருப்பதால் அது அங்கே செல்கிறது. ஆன்லைனிலும் பயந்த விற்பனையாளருக்கு ரிசர்வ் விலை, அதாவது அதற்குக் கீழே விற்க வேண்டியதில்லை என்ற குறைந்தபட்ச விலை, என்று ஒரு வசதி இருக்கிறது. கட்டணம் கொஞ்சம் ஆகும். மச்சானைக் கூப்பிடுவதைவிட மலிவுதான்.

நான் இப்போது கேட்கும் விதம்

மூன்று நாள் முன்னால் தொகையைப் போடுவதை விட்டுவிட்டேன். பொருளைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டு, இந்தப் பேனா எனக்கு எவ்வளவு பெறும் என்று ஒரு காகிதத்தில் எழுதி வைப்பேன். பேனாவுக்குள் மை உறிஞ்சும் ரப்பர் டயஃப்ரம் மாற்றும் செலவு, தபால் செலவு எல்லாம் கழித்துத்தான். கடைசி பத்து விநாடியில் அந்தத் தொகையை ஒரே தடவை போடுவேன். அந்த அவகாசத்தில் மாடிப்படி ஏறிப் பார்க்கவும் முடியாது, 10,000 போட்டுத் திரும்பப் பெறவும் முடியாது. தொகையை ரவுண்டாகப் போடுவதில்லை. 3,000 என்று ஊரே போடும், 3,017 போட்டால் சமயத்தில் அந்தப் பதினேழு காப்பாற்றும்.

எல்லாத் தளத்திலும் இது பலிக்காது. சில தளங்களில் கடைசி நிமிஷங்களில் பிட் வந்தால் நேரம் தானாக நீளும். அங்கே காகிதத்தில் எழுதிய எண்தான் உங்களுக்குக் காவல். எழுதியதைத் தாண்டிக் கை போகிறதென்றால் எழுந்து போய்விடுங்கள்.

ஏற்றிவிட்டார்கள் என்று ஜெயித்த பிறகு தெரிந்தால்? பணம் கட்டாமல் ஓடாதீர்கள். அது உங்கள் கணக்கில் கறையாக விழும், அவன் சுத்தமாக நிற்பான். உடனே பிட் வரலாற்றை முழுவதும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், நேரம் தெரிகிற மாதிரி. முடிந்த ஏலங்களின் பக்கங்கள் கொஞ்ச நாளில் மறைந்துவிடும். தளத்தின் புகார்ப் பக்கத்தில் பொருளின் எண், ஐடிகள், நேரங்கள் என்று நாலு வரியில் எழுதுங்கள். கோபத்தை எழுதினால் யாரும் படிப்பதில்லை. விற்பவருக்குச் செய்தி அனுப்புவதானால் தளத்தின் உள்ளேயே அனுப்புங்கள், பின்னால் அதுதான் சாட்சி.

கடைசியாக, தோற்றுப்போன மறுநாள் வரும் கடிதம். "எடுத்தவர் பின்வாங்கிவிட்டார், உங்கள் உச்சத் தொகைக்கே பொருளைத் தருகிறேன்." இபேயில் இரண்டாம் வாய்ப்பு என்று இதற்கு முறையான வசதியே இருக்கிறது, எல்லாமே மோசடி இல்லை. ஆனால் முதலில் அது உங்கள் கணக்கின் உள்பெட்டியிலும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். மின்னஞ்சலில் மட்டும் வந்து, வெளியே பணம் அனுப்பச் சொன்னால் அது விற்பவரே இல்லை, வேறு யாரோ. உண்மையான கடிதமாக இருந்தால் பிட் வரலாற்றைத் திறந்து, பின்வாங்கிய அந்த ஐடியின் பிட்டுகளை எல்லாம் மனதில் அழித்துவிட்டு விலையைப் போட்டுப் பாருங்கள். போன மாதம் எனக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது, 2,400க்கு. அந்த ஐடியை அழித்தால் 1,350தான் வருகிறது. 1,350க்குத் தருவதானால் இன்றே பணம் அனுப்புகிறேன் என்று எழுதினேன். பதில் இல்லை. ஒன்பதாம் நாள் அதே பேனா, அதே புகைப்படம், கிளிப்பின்மேல் அதே விரல் ரேகையோடு மறுபடி ஏலத்துக்கு வந்திருந்தது.